விமான் நகரும் நகர்ந்த சுவரும்

புனே மாநகரின் வடகிழக்கே, லோஹகாவ் விமான நிலையத்தை அடுத்து அமைந்திருக்கும் குடியிருப்புக்கு விமான் நகர் என்று பெயர். பெயருக்கேற்ற ஊர்தான். காலைக் காப்பியை ஆற்றிக்கொண்டு பலகணியில் நின்றால், பயணி விமானம் ஒன்று தாழ்ந்து பறந்து இறங்குவதைக் காணலாம். சற்று நேரத்தில் விமானப் படையின் சுகோய் விமானம் வானைக் கிழித்துக்கொண்டு எழும்பும். பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை அப்படியே நிறுத்திவைத்து, ஓசை அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். இவ்வூருக்குப் புதிதாக வந்தவர் யார், பழகியவர் யார் என்பதை இந்த ஒரு பழக்கத்தைக் கொண்டே அறிந்துவிடலாம்.

விமானம் என்ற சொல் தமிழருக்குப் புதியதன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைமேல் இருநூறு அடிக்கும் மேலாக ஓங்கி நிற்பதும் விமானந்தான். இராமபிரான் இலங்கையிலிருந்து ஏறி வந்ததும் விமானந்தான். நம் பிள்ளைகள் தீபாவளிக்குச் சென்னை போவதும் விமானந்தான். கல்லும் கதையும் இயந்திரமும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்பு நாடி வந்து இப்பெயருடைய ஊரில் குடியேறிய எங்களுக்கு, அதன் பொருத்தம் நெடுநாள் வரையில் புலப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணம் அதனைப் புலப்படுத்திற்று. அதைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

பேச்சு நின்ற கதை

முதலில் எங்கள் வீட்டில் நிகழ்ந்ததைச் சொல்லவேண்டும். எங்கள் தாயார் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து வளர்ந்தவர். தந்தையார் காலமான பிறகு எங்களோடு வந்து, ஆறாவது மாடியில் வசிக்கிறார். பேத்திக்கு அவர் ஆச்சி. இரவு உணவுக்குப் பின் ஆச்சி கதை சொல்லுவதும், பேத்தி மடியில் தலைவைத்துக் கேட்பதும் சில ஆண்டுகள் வழக்கமாக நடந்துவந்தன.

அவர் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. அவருடைய தகப்பனார் பாளையங்கோட்டைச் சந்தைக்குக் கருப்பட்டி ஏற்றிச் சென்று, விற்றுவிட்டு, இரவில் வண்டி கட்டித் திரும்பிக்கொண்டிருந்தார். வண்டி மாடுகளில் ஒன்று நொண்டியது. ஓடையைக் கடக்கும்போது, கையில் தடியோடு நெட்டையான ஆள் ஒருவர் வண்டியோடு கூடவே நடந்துவந்தார். வெற்றிலை இருக்கிறதா என்று கேட்டார். தகப்பனார் நான்கு வெற்றிலையும் பாக்கும் எடுத்துக் கொடுத்தார். சுண்ணாம்பு தீர்ந்துபோயிருந்தது. "சுண்ணாம்பு இல்லையே" என்று வருத்தப்பட்டாராம். அந்த ஆள், "பரவாயில்லை, நாளைக்குக் கொடு" என்று சொல்லிவிட்டு, ஊர் எல்லையில் திரும்பிப் போய்விட்டார். விடிந்ததும் சுடலைமாடன் பீடத்தருகே போனவர்கள், அங்கே அதே நான்கு வெற்றிலை வாடாமல் இருக்கக் கண்டார்கள். தகப்பனார் கொட்டாங்கச்சியில் சுண்ணாம்பு கொண்டுபோய் வைத்தார். அன்றுமுதல் எங்கள் தாயார் வீட்டுப் படையலில் எது மறந்தாலும் சுண்ணாம்பு மறக்கக்கூடாது.

கதை இவ்வளவுதான். இதைச் சொல்லும்போது தாயாரின் குரல், பால்காரன் கணக்கைச் சொல்லும்போது இருப்பதைப் போலவே இருக்கும். ஏற்றமும் இராது, இறக்கமும் இராது.

சென்ற ஆண்டு ஒருநாள், எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட பேத்தி, "ஆச்சி, இது நிஜமாக நடந்ததா, கட்டுக்கதையா?" என்று கேட்டாள். கேள்வியில் குற்றமில்லை. மறுமொழி சொன்ன நாங்கள்தான் குற்றவாளிகள். "கட்டுக்கதைதான், போய்ப் பரீட்சைக்குப் படி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டோம். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு கதையும் சொல்லவில்லை. நான்கு மாதம் கடந்தது. கேட்டால், "எல்லாம் மறந்துபோச்சு" என்பார். மறக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் பலவற்றை இழக்கிறோம். வயலும் வீடும் போனால் அது கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு கிழவி வாய்மூடிக்கொண்டால் என்ன போயிற்று என்பது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஆளந்திக்குப் போனோம்

இந்த நிலையில்தான், தாயாரைச் சற்று வெளியே அழைத்துச் செல்லலாம் என்று எண்ணி, ஒரு ஞாயிறன்று வாடகைக் கார் அமர்த்திக்கொண்டு ஆளந்திக்குப் புறப்பட்டோம். விசிராந்தவாடி, திகி வழியாகச் செல்லும் சாலை அது. ஒவ்வோர் ஆண்டும் ஞானேசுவரரின் பாதுகைகளை ஏந்திய பல்லக்கு இந்தச் சாலை வழியாகவே புனேக்கு வந்து, பண்டரிபுரம் நோக்கிச் செல்கிறது. இலட்சக்கணக்கான வாரகரிகள் துளசிமாலையும் தாளமுமாக ஏறக்குறைய மூன்று வாரம் நடந்தே போகிறார்கள். ஒருவரையொருவர் 'மௌலி' என்று அழைத்துக்கொள்கிறார்கள். மௌலி என்றால் தாய். அந்த ஊர்வலத்தில் சேணம் பூட்டிய குதிரை ஒன்று ஆளேறாமல் செல்லும். அதன்மேல் ஞானேசுவரர் அமர்ந்து வருகிறார் என்பது அடியார்களின் நம்பிக்கை. போக்குவரத்துக் காவலர் ஊதல் ஊதி லாரிகளை ஒதுக்கி, யாரும் ஏறாத அந்தக் குதிரைக்கு வழிவிடுவார். குதிரை ஓடிய பின் அதன் குளம்படி மண்ணை மக்கள் எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்வார்கள்.

ஆளந்தி, இந்திராயணி ஆற்றின் கரையில் உள்ளது. ஆற்றைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டுமானால், நாங்கள் சென்ற அன்று அதன்மேல் வெள்ளை நுரை மிதந்துகொண்டிருந்தது. மேலே உள்ள தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் விடும் கழிவின் விளைவு அது. படித்துறையில் அதைப் பொருட்படுத்தாமல் பலர் நீராடினார்கள். கரை நெடுகத் துளசிமாலை, தாளம், நெற்றிக்கு இடும் கருநிறப் புக்கா ஆகியவற்றை விற்கும் கடைகள். கல்யாண மண்டபங்களுக்கும் குறைவில்லை. 1917ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட வாரகரி கல்வி நிலையம் இவ்வூரில் இருக்கிறது. ஆதலால் தெருவில் நடக்கும்போதே பகவாஜ் பழகும் மாணவர்களின் ஓசை காதில் விழுகிறது.

சமாதிக் கோயிலில் வரிசை நீளமாக இருந்தது. வரிசையில் நிற்கும் நேரத்தில், பேத்திக்கு ஞானேசுவரரின் வரலாற்றைச் சொன்னோம். அவர் 1275ஆம் ஆண்டில் பிறந்தவர். தந்தையார் விட்டலபந்த் துறவு பூண்டு, பின் குருவின் ஆணையால் மீண்டும் இல்லறத்துக்குத் திரும்பியவர். அக்காரணத்தால் குடும்பம் முழுவதையும் சாதியார் தள்ளிவைத்தனர். பெற்றோர் பிராயச்சித்தமாக உயிரையே விட்டனர் என்று மரபு கூறுகிறது. நிவிருத்தி, ஞானதேவர், சோபானர் என்ற மூன்று பிள்ளைகளும் முக்தா என்ற சிறு பெண்ணும் அனாதைகளாயினர். பகவத் கீதைக்கு மராத்தியில் ஞானேசுவரி என்னும் பேருரையை அவர் 1290இல் நிறைவு செய்தார். 1296இல், இருபத்தொன்றாம் வயதில், இதே இடத்தில் சமாதியில் அமர்ந்தார்.

இவை வரலாறு. இவற்றோடு பின்னிக் கிடப்பவை வேறு சில. தங்களைச் சாதியில் சேர்த்துக்கொள்ளத் தகுதிப் பத்திரம் வாங்கிவருமாறு ஊரார் சொல்லவே, பிள்ளைகள் பைடண் நகரத்துப் பண்டிதர் சபைக்கு நடந்து போனார்கள். வெளியூரில் வாழும் நமக்குப் பத்திரம் என்றால் என்ன என்று விளக்கவேண்டியதில்லை! சபையில் ஒருவர், வழியே போன எருமையைக் காட்டி, "அதற்கும் ஞானா என்றுதான் பெயர்" என்று ஏளனம் செய்தார். ஞானதேவர் எருமையின்மேல் கைவைத்தார். எருமை வேதம் ஓதிற்று. பத்திரம் கிடைத்தது.

இன்னொரு நிகழ்ச்சி ஆளந்தியிலேயே நடந்ததாகச் சொல்லுகிறார்கள். முக்தாபாய் அண்ணன்மாருக்கு மாண்டே என்னும் மெல்லிய ரொட்டி சுட விரும்பினாள். பகைவர் ஒருவர், குயவர்கள் எவரும் அவளுக்கு ஓடு கொடுக்காதபடி தடுத்துவிட்டார். அவள் அழுதுகொண்டு வந்தாள். ஞானதேவர் தம் யோக அக்கினியால் முதுகைச் சூடாக்கிக் குனிந்து நின்றார். தங்கை அவர் முதுகின்மேல் ரொட்டி சுட்டாள்.

சுவர்

கோயிலிலிருந்து சிறிது தூரம் நடந்தால் அந்தப் பெயர்பெற்ற சுவரைக் காணலாம். அதன் கதை வருமாறு: சாங்கதேவர் என்ற யோகி 1400 ஆண்டுகள் வாழ்ந்தவர். ஞானதேவரின் புகழைக் கேட்டு அவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். வயதில் சிறியவரை வாழ்த்தித் தொடங்குவதா, ஞானத்தில் பெரியவரை வணங்கித் தொடங்குவதா என்று தெரியாமல், வெறுங்காகிதத்தையே அனுப்பிவைத்தார். அதைப் பார்த்த முக்தா, இத்தனை நூற்றாண்டு வாழ்ந்தும் இவர் வெறுங்காகிதமாகவே இருக்கிறாரே என்றாளாம். ஞானதேவர் அறுபத்தைந்து செய்யுளில் விடை எழுதினார். 'சாங்கதேவ பாசஷ்டி' என்ற அந்நூல் இன்றும் ஓதப்படுகிறது. பின்னர் சாங்கதேவர் புலிமேல் ஏறி, பாம்பைச் சாட்டையாகப் பிடித்து, நேரில் காண வந்தார். அப்பொழுது நால்வரும் ஒரு குட்டிச்சுவர்மேல் உட்கார்ந்திருந்தனர். வருகிறவரை எதிர்கொண்டழைக்கவேண்டும் அல்லவா? ஞானதேவர் சுவரைத் தட்டினார். சுவர் நால்வரையும் சுமந்துகொண்டு நகர்ந்தது.

பேத்தி சுவரையும் அதன் அடித்தளத்தையும் உற்று உற்றுப் பார்த்தாள். பக்கத்தில், ஒன்பது கெசச் சேலை கட்டிய மராத்திய மூதாட்டி ஒருவர் தரையில் அமர்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்தார். பள்ளியில் கற்ற மராத்தியில் பேத்தி அவரிடம் கேட்டாள்: "ஆஜி, இந்தச் சுவர் நிஜமாகவே நகர்ந்ததா?"

எங்களுக்குச் 'சுருக்' என்றது. எங்கள் வீட்டில் எழுந்த அதே கேள்வி. மராத்தியில் பாட்டியை ஆஜி என்பார்கள். ஆச்சிக்கும் ஆஜிக்கும் ஓர் எழுத்துத்தானே வேற்றுமை!

மூதாட்டி, நகர்ந்தது என்றும் சொல்லவில்லை, நகரவில்லை என்றும் சொல்லவில்லை. சுவரின் ஓரத்தைக் காட்டி, "முக்தா சின்னப் பெண், அம்மா. அவளுக்குக் கால் தரைக்கு எட்டியிராது. சுவர் கிளம்பும்போது அண்ணன் அவளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பான். இல்லையென்றால் விழுந்திருப்பாளே!" என்றார்.

பேத்தி அதைத் தமிழில் சொன்னாள். எங்கள் தாயார் சுவரைப் பார்த்தார். "ஆமா, பிள்ளை விழுந்திருக்குமே" என்றார். பிறகு அந்த மூதாட்டியின் அருகே போய் உட்கார்ந்துகொண்டார். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. அரைமணி நேரம் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மேனாட்டார் வைத்த பெயர்

அந்த மூதாட்டியின் விடையில் அடங்கியிருந்ததை விளக்குவதற்காக, இலக்கிய உலகம் ஒரு பெயரை வைத்திருக்கிறது. மாய யதார்த்தம் என்று தமிழில் வழங்குகிறோம். 1925ஆம் ஆண்டில் பிரான்ஸ் ரோ என்ற ஜெர்மானியக் கலை விமரிசகர் அக்காலத்து ஓவியங்களைப் பற்றி எழுதும்போது இச்சொல்லை ஆண்டார். கியூபா நாட்டு நாவலாசிரியர் அலெகோ கார்ப்பெந்தியர், 1949இல் தம் நாவலின் முன்னுரையில், அற்புதமே தங்கள் நாட்டின் யதார்த்தம் என்ற கருத்தை வற்புறுத்தினார். கொலம்பியாவின் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் 1967இல் வெளியிட்ட நாவல் இம்முறையை உலகறியச் செய்தது. 1982இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அந்நாவல் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' என்ற பெயரில் 2013இல் தமிழிலும் வெளிவந்திருக்கிறது.

இந்த முறையின் இலக்கணம் என்ன? வியப்புக்குரியது நிகழும். ஆனால் சொல்பவர் வியக்கமாட்டார். பழைய புராணத்தில் அற்புதம் நிகழ்ந்தால் தேவர் பூமாரி பொழிவர், துந்துபி முழங்கும். இங்கே பூமாரியும் இல்லை, துந்துபியும் இல்லை. மார்க்வெஸின் நாவலில் அழகி ஒருத்தி, துவைத்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கும்போதே வானில் எழுந்து மறைந்துபோகிறாள். வீட்டில் ஒருத்திக்கு, தன் விரிப்புகளும் கூடவே போய்விட்டனவே என்பதுதான் கவலை! மாயம் முழுவதும் அன்றாட வாழ்வின் சின்னஞ்சிறு விவரங்களில் காலூன்றி நிற்கிறது. யானைகள் பறந்தன என்றால் எவரும் நம்பமாட்டார்கள், 425 யானைகள் பறந்தன என்றால் நம்பக்கூடும் என்று மார்க்வெஸே ஒரு பேட்டியில் வேடிக்கையாக விளக்கியிருக்கிறார். இந்தக் குரலைத் தாம் எங்கே கற்றார் என்பதையும் சொல்லியிருக்கிறார். இளமையில் தம்மை வளர்த்த பாட்டி, நம்பமுடியாதவற்றை முகபாவமே மாறாமல் சொல்லிவந்தாராம். அந்தக் குரலைப் பிடித்த பிறகே நாவலை எழுத முடிந்ததாம். பால் கணக்குச் சொல்லும் குரலில் சுடலைமாடன் கதை சொன்ன எங்கள் தாயாரை எண்ணிக்கொண்டோம்.

இது வெறும் விளையாட்டன்று என்பதையும் சொல்லவேண்டும். 1928ஆம் ஆண்டு டிசம்பரில், கொலம்பியாவில் வேலைநிறுத்தம் செய்த வாழைத்தோட்டத் தொழிலாளரை இராணுவம் சுட்டுக்கொன்றது. நாவலில் அத்தகைய கொலை நிகழ்கிறது. ஆனால் அப்படி ஒன்றுமே நடக்கவில்லை என்று ஊரே சாதிக்கிறது. பிறகு நான்கு ஆண்டு, பதினொரு மாதம், இரண்டு நாள் மழை ஓயாமல் பெய்கிறது. நடந்ததை நடக்கவில்லை என்று அதிகாரம் சொல்லும்போது, நடக்கமுடியாததைச் சொல்லியே உண்மையைக் காப்பாற்றவேண்டியிருக்கிறது. ஆளந்திக் கதைகளையும் இக்கண்கொண்டு பாருங்கள். எருமை ஏன் ஓதிற்று? மனிதர்கள் கதவை அடைத்ததனால். முதுகில் ஏன் ரொட்டி சுட்டார்கள்? ஒரு மண்ணோடு கூடக் கொடுக்க ஊர் மறுத்ததனால். அன்றாட வாழ்வின் வாசல் எங்கே சாத்தப்படுகிறதோ, அங்கேதான் அற்புதம் சுவரை நகர்த்திக்கொண்டு வருகிறது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஆளந்திக்கு நடந்து வரும் அடியாருக்கு இது புனைகதை உத்தியன்று. அவருக்கு இது மெய். நாவலாசிரியர் கையாளும் முறையையும் அடியாரின் நம்பிக்கையையும் ஒன்றாக்கிக் குழப்புதல் முறையாகாது. ஆனால் இரண்டும் ஒரே பாட்டியின் மடியில் வளர்ந்தவை என்று சொன்னால் தவறாகாது.

வைகுண்ட விமானம்

பிற்பகலில் தேஹுவுக்குப் போனோம். அதுவும் இந்திராயணிக் கரைதான். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த துக்காராமின் ஊர். அவருடைய அபங்கச் சுவடிகளை ஆற்றில் போடச் செய்தார்கள் என்றும், அவர் கரையில் பதின்மூன்று நாள் உண்ணாமல் கிடந்தார் என்றும், சுவடிகள் நனையாமல் மிதந்து வந்தன என்றும் சொல்வர். இப்பொழுது அங்கே எழுப்பியிருக்கும் மண்டபத்தின் சலவைக்கல் சுவர்களில் அவருடைய அபங்கங்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். இனி ஆற்றில் போட முடியாது!

துக்காராம் உடலோடு வைகுண்டம் சென்றார் என்பது மரபு. அவரை அழைத்துச் செல்ல வந்தது ஒரு விமானம். இதைக் கேட்டதும் பேத்தி, "நம்ம ஊர்ப் பெயர்!" என்று கூவினாள். 1936ஆம் ஆண்டில் புனே பிரபாத் கம்பெனியார் எடுத்த 'சந்த் துக்காராம்' படத்தை முன்பே பார்த்திருந்தோம். தாம்லே, ஃபத்தேலால் இருவரும் இயக்கிய அப்படம் 1937இல் வெனிஸ் திரைப்பட விழாவில் பாராட்டுப் பெற்றது. அதன் இறுதியில் துக்காராம் மனைவியையும் வைகுண்டத்துக்கு அழைக்கிறார். அவளோ வீட்டு வேலையை விட்டுவிட்டு வர மறுக்கிறாள். வாசலில் விமானம், அடுப்பில் ரொட்டி! மார்க்வெஸ் பிள்ளையாக இருந்த காலத்திலேயே புனேயில் இந்தக் காட்சியை எடுத்துவிட்டார்கள். அந்தப் படநிலையம் இருந்த இடத்தில்தான் இன்று திரைப்படக் கல்லூரி நடக்கிறது.

புனேயில் ஒரு தமிழர்

படம் என்றதும் எங்களுக்குப் புதுமைப்பித்தனின் நினைவு வந்தது. நாமெல்லாம் பிழைப்புக்கு வந்ததைப் போலவே, அவரும் பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்தவர். சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய அவர், 1906இல் பிறந்து திருநெல்வேலியில் வளர்ந்தவர். எம். கே. தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதுவதற்காகப் புனேக்கு வந்தார். இங்கிருந்து தம் மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாக வெளிவந்திருக்கின்றன. இங்கே காசநோய் அவரைப் பற்றிக்கொண்டது. 1948ஆம் ஆண்டிலே திருவனந்தபுரத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு.

மாய யதார்த்தம் என்ற சொல் தமிழில் புழங்குவதற்கு வெகுகாலம் முன்பே அவர் அந்த வேலையைச் செய்து முடித்திருந்தார். 1943இல் கலைமகளில் வெளிவந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை அறியாதவர் நம்மில் குறைவு. சென்னை பிராட்வே முனையில், டிராமில் போகலாமா பஸ்ஸில் போகலாமா என்று சில்லறைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் கந்தசாமிப் பிள்ளையிடம், கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். இருவரும் ஓட்டலில் காப்பி குடிக்கிறார்கள். காப்பியில் சிக்கரி கலந்திருப்பது பற்றிப் பேச்சு வருகிறது. பிள்ளைவாள் தாம் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்குக் கடவுளைச் சந்தாதாரராக்கப் பார்க்கிறார். ஆயுள் சந்தா என்றால் யாருடைய ஆயுள் என்ற சிக்கல் எழுகிறது! வீட்டுக் குழந்தை கடவுளைத் தாத்தா என்று கூப்பிட்டு விளையாடுகிறது. கடைசியில் கடவுளின் வருகை, கணக்குப் புத்தகத்தில் ஒரு சந்தா வரவாகப் பதிவாகிறது. வரம் கொடுப்பது எளிது, மனிதரோடு குடித்தனம் பண்ணுவது அரிது என்பதைக் கடவுளே கண்டுகொள்கிறார். வயிற்றுப்பாட்டின் கடுமையை இதைவிட மென்மையாகவும் இதைவிடக் கூர்மையாகவும் சொல்ல இயலுமா? அவருடைய 'காஞ்சனை'யும் அப்படியே. ஓர் எழுத்தாளனின் வீட்டுக்குள் வேலைக்காரியின் உருவில் அமானுஷ்யம் நுழைகிறது. வீடோ நம் வீட்டைப் போன்ற வீடு. அதனால்தான் நமக்கு அச்சம்.

அவருக்குப் பின் இம்முறை தமிழில் வளர்ந்தது. 1985இல் தமிழவன் எழுதிய 'ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்' என்ற நாவலை இவ்வகைக்கு முன்னோடியாகக் குறிப்பிடுவர். அவரும் பெங்களூரில் ஆசிரியப் பணி புரிந்தவர். ஊரை விட்டு விலகி வந்த பிறகே ஊரின் மாயம் கண்ணுக்குத் தெரிகிறது போலும்.

திரும்பிய பின்

இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பினோம். சாப்பிட்டு முடித்துப் பலகணியில் உட்கார்ந்திருந்தோம். விமானம் ஒன்று விளக்குகள் மின்ன இறங்கிற்று. ஓசை அடங்கும் வரையில் எல்லாரும் சும்மா இருந்தோம். பிறகு பேத்தி கேட்டாள்:

"ஆச்சி, உங்க அப்பாவோட வண்டியிலே நொண்டினது எந்த மாடு?"

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பதை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. ஒருவேளை அவளே அறியாள். நடந்ததா இல்லையா என்ற கேள்வியை ஆளந்திச் சுவரடியில் விட்டுவிட்டு வந்திருந்தாள் என்று மட்டும் தோன்றிற்று.

தாயார் சிறிது நேரம் பேசாமலிருந்தார். "வலத்தை மாடு," என்றார். "மயிலை. முன்னங்காலிலே லாடம் தெறிச்சுப்போச்சு. அதனாலேதான் அந்த ஆள் வண்டியோடு நடந்து வர முடிஞ்சுது. இல்லேன்னா எங்க அப்பா வண்டி நிக்குமா, ஏட்டி?"

லாடம் தெறித்த செய்தியை அதுவரை நாங்களும் கேட்டதில்லை. எத்தனையோ முறை அந்தக் கதையைக் கேட்டிருந்தும், யாரும் அதை அவரிடம் கேட்டதில்லை. கதை மறுபடி தொடங்கிற்று. இம்முறை அது வெற்றிலையோடு நிற்கவில்லை. ஓடையின் பெயர், அந்த ஆண்டின் பஞ்சம், கருப்பட்டி விலை சரிந்தது, கடன்காரர் வாசலில் வந்து நின்றது எல்லாம் வந்தன. அன்று சந்தையில் விலை போகாமல், வெறுங்கையாகப் பயந்து பயந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர் எங்கள் பாட்டனார் என்பதை அன்றிரவுதான் அறிந்தோம். இருட்டில் அவருக்கு ஒரு துணை தேவையாக இருந்தது. துணை வந்தது. அதற்குச் சுண்ணாம்பு கொடுக்கக்கூட அவரிடம் வழியில்லை. ஒரு குடும்பத்தின் வறுமையையும் மானத்தையும் நான்கு வெற்றிலையில் முடிந்து வைத்திருந்த கதையைத்தான், கட்டுக்கதை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டிருந்தோம்.

நம் சங்கத்து அன்பர்கள் விடுமுறை நாளில் ஆளந்திக்கும் தேஹுவுக்கும் ஒருமுறை போய்வரவேண்டும். அதிகாலையில் புறப்பட்டால் ஒரே நாளில் இரண்டையும் பார்த்து வந்துவிடலாம். வீட்டில் முதியவர் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வந்த பின், அவர்கள் சொல்லும் கதை மெய்யா பொய்யா என்று கேளாதீர்கள். மாட்டின் நிறத்தைக் கேளுங்கள். ஓடையின் பெயரைக் கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டு நோட்டில், பேத்தியின் கையெழுத்தில், இதுவரை பதினொரு பக்கம் நிரம்பியிருக்கிறது.